ஒரே பேருந்தில் இருவர்: ஜெரமி மாரிஸின் ஆய்வு வாழ்க்கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



உடற்பயிற்சி அறிவியலில் ஓர் ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி அமையும் என்று மாணவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். என் அனுபவத்தைச் சொல்வேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதைவிடப் பெரிய வாழ்க்கை ஒன்று இருக்கும்போது என்னுடையதைப் பேசுவது முறையாகாது. ஜெரமி நோவா மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரைப் பற்றிப் பேசப்போகிறேன். 1910இல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 2009இல் தொண்ணூற்று ஒன்பது வயதில் மறைந்தவர். நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் மாரடைப்பு குறைவு என்று இன்று எந்த மருத்துவரும் தயங்காமல் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு முதல் வலுவான சான்றைத் திரட்டியவர் இவர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலை அசைத்தால் நல்லது என்ற எண்ணம் மனிதர்களுக்குப் பழையது. அதைச் சொன்னதற்காக மாரிஸை நினைவுகூர வேண்டியதில்லை. ஒப்பிடத் தகுந்த இரண்டு மனிதர்களை அவர் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அந்த ஒப்பீட்டில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தன் வாழ்நாள் முழுவதும் தானே தோண்டிக்கொண்டிருந்தார். நம் துறையில் ஆய்வு வாழ்க்கை என்பது இந்த இரண்டு வேலைகளும்தான் என்பது என் துணிபு. இதைச் சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. காரணம் தெரியாத ஒரு நோய்

இரண்டாம் உலகப் போரில் மாரிஸ் ராணுவ மருத்துவப் படையில் இருந்தார். இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றினார். அந்த ஆண்டுகளிலும் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற சமூகவியலாளரோடு கடிதம் வழியே உறவு வைத்து, வறுமைக்கும் சிறுவர்களின் வாத இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஊர் திரும்பியதும் 1948இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சமூக மருத்துவப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கப்பட்டது. 1975 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அதற்கு அவரே இயக்குநர்.

அப்போது பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் இறப்பது கூடிக்கொண்டே வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஃபிரமிங்ஹாம் ஊரின் இதயநோய் ஆய்வு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காட்டிய டால், ஹில் இருவரின் கட்டுரை 1950இல்தான் வந்தது. நாள்பட்ட நோய்களுக்கு மக்கள்தொகையில் காரணம் தேடும் கலை பிறந்துகொண்டிருந்த காலம் அது.

மாரிஸ் முதலில் போய் உட்கார்ந்த இடம் ஒரு பழைய ஆவணக் குவியல். லண்டன் மருத்துவமனையில் 1907 முதல் செய்யப்பட்ட பிணக்கூறாய்வுகளின் குறிப்புகள் அங்கே ஒழுங்காகச் சேர்த்துவைக்கப்பட்டிருந்தன. இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவது அந்த நாற்பதாண்டில் கூடியிருக்கும், அதனால்தான் மாரடைப்பும் கூடியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறிப்புகள் வேறு கதை சொல்லின. தமனிச் சுவரின் படிவு கூடவே இல்லை. மாரடைப்பு மட்டும் கூடியிருந்தது. 1951இல் இதை வெளியிட்டார். குழாயின் உட்புறம் பழையபடியே இருக்க, நோய் மட்டும் பெருகுகிறது என்றால், மாறியிருப்பது மனிதன் வாழும் விதத்தில் ஏதோ ஒன்று. அந்த ஒன்று மனிதன் செய்யும் தொழிலில் ஒளிந்திருக்கலாம் என்ற ஊகத்தோடு அவர் தொழில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். உடலுழைப்பு என்பது அப்போது அவர் பட்டியலில் இருந்த பலவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

2. ஓட்டுநரும் நடத்துநரும்

லண்டனின் சிவப்பு மாடி பஸ்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அன்றைய பஸ்ஸில் இரண்டு பேர் வேலை. ஓட்டுநர் முன்னே தனி அறையில் உட்கார்ந்து தம் பணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதையும் இருக்கையிலேயே கழிப்பார். நடத்துநர் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். ஒரு வேலைநாளில் அவர் ஏறும் படிகள் 500 முதல் 750 வரை. இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒரே மாதிரியான தெருக்களில் குடியிருப்பவர்கள். அவர்கள் வருமானமும் சாப்பாடும் புகைப்பழக்கமும் பெரிதாக வேறுபடுபவை அல்ல. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் என்று சொல்லலாம்.

மாரிஸ் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் முப்பத்தைந்து முதல் அறுபத்து நான்கு வயது வரையிலான ஆண் ஊழியர்கள், ஏறத்தாழ 31,000 பேர். போக்குவரத்து நிறுவனத்தின் மருத்துவர் ராஃபிள் இந்த ஆய்வில் பங்காளி. நோய்விடுப்புச் சான்றிதழ்கள், பணியிலிருந்து விலகியவர்களின் விவரம், இறப்புப் பதிவுகள் எல்லாம் திரட்டப்பட்டன. நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. வந்தபோதும் தாமதமாக வந்தது. வந்ததும் கடுமை குறைவாக இருந்தது. நடத்துநர்களுக்கு நெஞ்சுவலியாகத் தலைகாட்டிய நோய், ஓட்டுநர்களுக்குத் திடீர் மாரடைப்பாகவும் உடனடி மரணமாகவும் வந்தது. இந்தக் கடைசிச் செய்தியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நோய் வருமா வராதா என்ற ஒரே கேள்வியோடு அவர் நிற்கவில்லை. எந்த வடிவில் வருகிறது, வந்த பின் என்ன ஆகிறது என்றும் பார்த்தார்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. இந்த ஆய்வை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து செய்யலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சென்னை மாநகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். நடத்துநர் பின்வாசல் அருகே தம் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். காசு பயணிகளின் கை மாறி அவரிடம் போகும், சீட்டு அதே வழியில் திரும்பி வரும். வெளியூர்ப் பேருந்துகளில் நடத்துநர் ஆளாளாய்ப் போய்ச் சீட்டுக் கொடுப்பார். இரண்டு பேரும் படிவத்தில் நடத்துநர்தான். உடல் செய்யும் வேலை வேறு. பதவிப் பெயரை நம்பி ஆய்வு செய்பவர் இந்த இடத்தில் தவறிவிடுவார். மாரிஸின் வெற்றி எண்ணிக்கையில் மட்டும் இல்லை, லண்டன் நடத்துநர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று படிக்கட்டு வரைக்கும் தெரிந்துகொண்டதில் இருக்கிறது.

3. தன் முடிவைத் தானே எதிர்த்தது

என் உரையின் நடுப்பகுதி இதுதான். இதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

பேருந்து ஊழியர்களின் முதல் விவரங்கள் 1949இலேயே கையில் வந்துவிட்டன. கட்டுரை ‘லான்செட்’ இதழில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது 1953 நவம்பரில். இடையில் நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டும் மாரிஸ் சும்மா இருக்கவில்லை. தன் முடிவு பொய்யாக இருக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்.

முதல் சந்தேகம் மன உளைச்சல். லண்டன் நெரிசலில் பஸ் ஓட்டுவது நரம்பைத் தின்னும் வேலை. ஓட்டுநரின் இதயத்தைக் கெடுப்பது உட்கார்ந்திருப்பது அல்ல, அந்தப் பதற்றம்தான் என்று ஒருவர் வாதிட்டால் பேருந்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எனவே பேருந்திலிருந்து அஞ்சல் துறைக்குப் போனார். அஞ்சல் மற்றும் அரசு ஊழியர்கள் 1,10,000 பேர் வரை. ஒருபுறம் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தும் சைக்கிளிலும் போகும் தபால்காரர். மறுபுறம் மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், அதிகாரி, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்ப்பவர். இங்கே போக்குவரத்து நெரிசல் கிடையாது. ஆனாலும் அதே படம்தான் கிடைத்தது: நடப்பவர்களுக்கு நோய் குறைவு, உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதிகம். இதைப் பார்த்த பிறகுதான் அவர் எழுதத் துணிந்தார். அப்போதும் கட்டுரையில் இதை நிரூபணம் என்று சொல்லாமல், சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளாகவே முன்வைத்தார்.

அந்தக் காலத்து மருத்துவ உலகம் இதை ஆவலோடு ஏற்றுக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதய நோய்க்கும் படிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களே அதிகம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் கிடத்துவதே அப்போது சிகிச்சை.

இரண்டாவது சந்தேகம் இன்னும் கூர்மையானது. வேலை மனிதனை மாற்றுகிறதா, அல்லது மனிதன் தனக்கேற்ற வேலையைத் தேடிக்கொள்கிறானா? உடல் கனத்தவர்கள் ஓட்டுநர் இருக்கையை நாடிப் போயிருக்கலாம். ஒல்லியான, சுறுசுறுப்பான ஆள் நடத்துநராகச் சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் நோயின் வேர் வேலைக்கு முன்பே ஊன்றிவிட்டது.

இதைச் சோதிக்க மாரிஸ் எங்கே போனார் தெரியுமா? சீருடைக் கிடங்குக்கு. ஊழியர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் கால்சட்டை கொடுக்கிறது. கொடுக்கும்போது இடுப்பளவையும் கால் நீளத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. துணி வெட்டுவதற்காக எழுதிவைத்த அந்த அளவுகள், எந்த ஆய்வாளருக்காகவும் எழுதப்படாதவை; அதனாலேயே நம்பத்தக்கவை. அவற்றை வயது வாரியாகவும் உயரம் வாரியாகவும் பிரித்து அடுக்கினார்கள். ஒத்த வயது, ஒத்த உயரம் உள்ளவர்களிலும் ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பில் அகலமாக இருந்தது. அதுவும் நாற்பது, ஐம்பது வயதில் மட்டும் அல்ல. இருபதுகளில் இருந்த இளைஞர்களிடமே அந்த வேறுபாடு தெரிந்தது.

இந்தத் தகவல் யாருக்குச் சாதகம்? மாரிஸின் கருதுகோளுக்குச் சாதகம் இல்லை. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்ததால் ஓட்டுநர் பெருத்தார் என்றால், இளைஞர்களிடம் வேறுபாடு சிறிதாக இருந்து வயது ஏற ஏறப் பெரிதாகியிருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே இருவர் உடலும் வேறு என்பது எதிர்த்தரப்பு வாதத்துக்கு வலுச்சேர்க்கும் செய்தி. அதை அவரே 1956இல் ‘லான்செட்’டில் வெளியிட்டார், சீருடைகளைத் தலைப்பிலேயே வைத்து. பத்து ஆண்டு கழித்து, பேருந்து ஊழியர்களின் ரத்த அழுத்தத்தையும் ரத்தக் கொழுப்பையும் அளந்து பின்தொடர்ந்த ஆய்வு 1966இல் வந்தது. ஓட்டுநர்களுக்கு அவையும் அதிகம் என்று அதிலும் தெளிவாகவே எழுதினார்கள். தன் பெயரை நிலைநாட்டிய ஒரு முடிவுக்கு எதிரான சான்றை, வேறு யாரும் கேட்பதற்கு முன் தானே தேடிப்போய், தான் எழுதும் அதே இதழில் அச்சிட்ட ஆய்வாளர்கள் எத்தனை பேர்? நான் இவரிடம் மிகவும் மதிக்கும் குணம் இதுதான். அதை மாணவர்களுக்குச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

இடையில் இன்னொரு பக்கமும் போனார். நாடு முழுவதும் உள்ள நோய்க்கூறியல் வல்லுநர்களிடம், வேறு நோய்களால் இறந்த ஆண்களின் இதயத்தைப் பிணக்கூறாய்வில் பார்க்கும்போது என்ன தெரிகிறது, இறந்தவர் கடைசியாக என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு விவரம் திரட்டினார். 1958இல் முடிவு வந்தது. கடின உழைப்பாளிகளின் இதயத் தசையில் பழைய மாரடைப்பின் தழும்புகள் குறைவு. தமனிச் சுவரின் படிவிலோ அப்படிப்பட்ட வேறுபாடு இல்லை. 1951இல் பழைய ஆவணங்களில் அவர் பார்த்ததோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள். பேருந்து நிறுவனத்தின் வேலைத்தேர்வு எப்படியிருந்தாலும், நாடெங்கும் பல தொழில்களில் உழைத்தவர்களின் இதயத்தில் தழும்பு குறைந்திருந்தது. மாரிஸ் ஒரே ஒப்பீட்டின் மேல் முழு எடையையும் வைக்கவில்லை. ஒன்று ஆடினால் இன்னொன்று தாங்கும்படி பல பக்கங்களிலிருந்து சான்றை முட்டுக்கொடுத்தார்.

4. திங்கட்கிழமைப் படிவம்

தொழிலை வைத்து ஒப்பிடும்வரை, மனிதன் வேலையைத் தேர்ந்தெடுக்கிறான் என்ற தடை தீராது. மாரிஸ் அடுத்து எடுத்த முடிவு எளிமையானது: தொழிலையே ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுவது. எல்லோரும் மேசையில் உட்காரும் ஒரு கூட்டத்தைப் பிடி. அலுவலகத்துக்கு வெளியே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். 1960களின் இறுதியில் பிரிட்டனில் உடலுழைப்பு வேலைகளே சுருங்கிக்கொண்டிருந்ததால், எதிர்காலத்துக்குப் பொருந்தும் கேள்வியும் இதுதான்.

1968க்கும் 1970க்கும் இடையில் நாற்பது முதல் அறுபத்து நான்கு வயது வரையிலான நிர்வாகநிலை அரசு அலுவலர்கள் 16,882 பேரிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் படிவம் கொடுக்கப்பட்டது. போன வெள்ளியும் சனியும் என்ன செய்தீர்கள், எழுதுங்கள். ஒன்று வேலைநாள், மற்றது விடுமுறை நாள். பொதுவாக நீங்கள் உடற்பயிற்சி செய்பவரா என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். நேற்றுமுன்தினம் காலை பத்து மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதில் உண்மை கூடும். நினைவு மங்குவதற்கு முன், நிமிடக் கணக்கில் கேட்டது இந்தப் படிவத்தின் வலிமை. இன்று நம் மாணவர்கள் பலர் கடந்த ஆறு மாதத்தில் வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள் என்று வினாத்தாள் அடிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படிவத்தை நான் காட்டுவதுண்டு.

1973இல் முடிவு வெளிவந்தது. நீச்சல், வேகமான சைக்கிள் ஓட்டம், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் கொத்துவது போன்ற, மூச்சு வாங்கவைக்கும் செயல்களைச் செய்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வீட்டில் அங்குமிங்கும் சும்மா அசைந்தவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை.

பின்னொரு கூட்டம் அலுவலர்களை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 1990இல் வெளியிட்ட கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. இளமையில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு விட்டுவிட்டவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் மிஞ்சவில்லை. இப்போது செய்பவர்களுக்குத்தான் பயன். இது வேலைத்தேர்வு வாதத்துக்கும் ஒருவகைப் பதில்: பிறவியிலேயே வலுவான உடல் வாய்த்தவர்கள் என்பதுதான் காரணமாக இருந்தால், பழைய வீரர்களும் தப்பித்திருக்க வேண்டும்.

மாரிஸின் எல்லையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பேருந்து, அஞ்சல், அரசு அலுவலகம் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் ஆண்கள் மட்டுமே. லண்டன் பேருந்துகளில் பெண் நடத்துநர்கள் இருந்த காலத்திலும் அவர்கள் கணக்கில் சேரவில்லை. மாரடைப்பை ஆணின் நோயாகவே பார்த்த காலத்தின் குறை அது. ஆனால் அந்தக் குறையால் பெண்களுக்கான விடை பல பத்தாண்டுகள் பிந்தியது. அமெரிக்கச் செவிலியர் 72,488 பேரைப் பின்தொடர்ந்து, விறுவிறுப்பான நடையே கடும் பயிற்சிக்கு இணையான பயன் தரும் என்று சொன்ன ஆய்வு 1999இல்தான் வந்தது.

5. கடலுக்கு அப்பால் ஒரு தோழர்

ரால்ஃப் பாஃபன்பார்கரைச் சொல்லாமல் மாரிஸைப் பேச முடியாது. போலியோ ஆய்வாளராக இருந்த அமெரிக்கர். மாரிஸின் கேள்வியை எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குப் போனார். மூட்டை தூக்கும் தொழிலாளிகள் 6,351 பேரை இருபத்திரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1975இல் வெளியிட்டார். சுமை தூக்குபவர்களுக்கு இதய மரணம் குறைவு, குறிப்பாகத் திடீர் மரணம். அந்தத் துறைமுகத்தில் ஒரு தொழிற்சங்க விதி இருந்தது: புதிதாகச் சேரும் எவரும் குறைந்தது ஐந்து ஆண்டு சுமை தூக்கிய பிறகே இலகுவான வேலைக்கு மாறலாம். ஒல்லியோ பருமனோ, எல்லோரும் அங்கேதான் தொடங்க வேண்டும். கால்சட்டை அளவு எழுப்பிய சந்தேகத்துக்கு ஒரு தொழிற்சங்கத்தின் விதி விடை கொடுத்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பு.

ஹார்வர்டில் படித்து வெளியேறிய 16,936 பேரையும் அவர் பின்தொடர்ந்தார். கல்லூரியில் ஓடியவர்கள் பிறகு விட்டுவிட்டால் பயன் போய்விட்டது. கல்லூரியில் ஓடாதவர்கள் பிறகு தொடங்கினால் பயன் வந்தது. மாரிஸ் பின்னர் கண்டதும் இதுவே. ஒலிம்பிக் குழு விளையாட்டு அறிவியலுக்கு முதன்முதலில் விருது வழங்கியபோது, 1996இல், இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது.

6. சென்னையில் சீட்டுக் குலுக்கல்

மாரிஸ் செய்தவை எல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். யார் நடப்பது, யார் உட்காருவது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் நடக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தேர்வுச் சிக்கல் முழுதும் தீரும். இதய நோய்க்கு அப்படிப் பல ஆண்டுகள் நடத்துவது மிகக் கடினம். சர்க்கரை நோய்க்கு அது செய்யப்பட்டது. அதில் ஒன்று சென்னையில் நடந்தது.

மருத்துவர்கள் ஏ. ராமச்சந்திரன், சி. சினேகலதா குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு தினமும் குறைந்தது அரை மணி நேரம் நடக்கும்படி அறிவுரை. ஏற்கெனவே சைக்கிள் மிதிப்பவர்களையும் உடலுழைப்பு செய்பவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள். 2006இல் வந்த முடிவு: அந்தப் பிரிவில் சர்க்கரை நோய்க்குப் போகும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவில் குறைந்தது 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் கூடுதல் பயன் இல்லை. அறிவுரைப் பிரிவினரின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் தள்ளிப்போனது. எடை இறங்கவில்லை என்று நடையை நிறுத்திவிடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இந்த ஒரு தகவலை நீங்கள் வீட்டில் போய்ச் சொன்னாலே இன்றைய பொழுது எனக்குப் பயனுள்ளதாகும்.

7. காலணிக்கும் நீச்சல் குளத்துக்கும் யார் பணம் கொடுப்பது

மாரிஸ் ஓய்வுபெற்றது 1978இல், லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் பதவியிலிருந்து. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். 1980இல் வெளியான புகழ்பெற்ற பிளாக் அறிக்கையை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். இலவச மருத்துவம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏழைக்கும் வசதியானவருக்கும் ஆயுளில் உள்ள இடைவெளி மூடவில்லை என்று சொன்ன அறிக்கை அது. அரசு அதை விடுமுறை நாளை ஒட்டி, 260 படிகள் மட்டும் எடுத்து வெளியிட்டது. ஆனாலும் அது உலகெங்கும் படிக்கப்பட்டது.

இரண்டும் இரண்டு துறைகள் என்று சிலர் பிரித்துப் பார்க்கிறார்கள்: உடற்பயிற்சி ஆய்வாளர் மாரிஸ், சமத்துவம் பேசிய மாரிஸ் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. 2000இல், தொண்ணூறு வயதில், அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். தனியாக வாழும் ஓர் இளைஞன் ஆரோக்கியமாக இருக்க வாரம் எவ்வளவு பணம் வேண்டும்? உணவு, வாடகை, போக்குவரத்து, நண்பர்களோடு பழகும் செலவு ஆகியவற்றோடு உடற்பயிற்சிக்கான செலவையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். 1999 விலைவாசியில் விடை 131.86 பவுண்டு. அப்போது புதிதாக வந்திருந்த குறைந்தபட்சக் கூலியில் வழக்கமான வாரம் முழுக்க உழைத்தாலும் அந்தத் தொகை வராது. மாடிப்படி ஏறிய நடத்துநருக்குச் சம்பளத்தோடு சேர்ந்து கிடைத்த உடலுழைப்பை, மேசைக்காரர் காசு கொடுத்து வாங்க வேண்டியதாகிவிட்டது. காசில்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் அவர் கடைசியில் வந்து நின்ற கேள்வி. பேருந்தில் தொடங்கிய அதே கேள்வியின் மறுமுனை இது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் எடுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 2014இல் வெளியானது. அதில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடற்செயல்பாடு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக ஏதாவது பயிற்சி செய்பவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. மிச்சமுள்ள அசைவெல்லாம் வேலையிலும் வீட்டிலும் நடப்பது. வெள்ளி, சனியில் எந்த விளையாட்டு ஆடினீர்கள் என்று மட்டும் நாம் கேட்டால் நம் பெண்களில் பெரும்பாலோரின் படிவம் வெறுமையாகத் திரும்பும். ஆனால் காலையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்று மூன்றாம் மாடிக்குச் சுமந்தவரும், மோட்டார் போட்டுக் குழாயைத் திறந்தவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒரே வருமானம், ஒரே சாப்பாடு, வேறு உழைப்பு. சுமந்தவர் விரும்பிச் சுமக்கவில்லை, அந்த உழைப்பின் களைப்பும் வலியும் சேர்ந்தேதான் அவருக்குக் கிடைக்கின்றன என்பதையும் நம் படிவம் கேட்டாக வேண்டும். இதற்கான வினாக்கள் தமிழில் இன்னும் சரியாக வடிக்கப்படவில்லை. எந்த நேரத்தைக் கேட்பது, எந்த நாளைக் கேட்பது, குடத்தின் எடையை எப்படிக் கேட்பது என்று நான் சில வரைவுகள் வைத்திருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குத் துறை நூலகத்தில் இருப்பேன். ஆர்வமுள்ள மாணவர்கள் வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் திருத்துவோம்.